ஏரிக்கு ஏரி நம்மாளு

பூனாவைச் சுற்றி எத்தனை ஏரி உண்டோ அத்தனை ஏரியிலும் அவருக்கு ஒரு ஆள் உண்டு. கடக்வாஸ்லாவில் ஒருத்தன், பான்ஷேத்தில் ஒருத்தன், பவனாவில் ரெண்டு பேர். முல்ஷியில் ஏரிக்கரை பங்களாவின் சாவியே அவர் ஆள் கையில்தான் இருந்தது. அந்த ஆட்களில் ஒருவனைக்கூட ரொம்ப காலம் நாங்கள் கண்ணால் கண்டதில்லை. நாங்கள் போகிற அன்றைக்கு அவர்கள் லீவில் இருப்பார்கள், ஊருக்குப் போயிருப்பார்கள், போன வாரம்தான் மாற்றலாகிப் போயிருப்பார்கள். பவனா ஆட்களில் ஒருத்தனுக்கு மட்டும் மூன்று வருஷத்தில் மூன்று முறை கல்யாணம் நடந்தது.

எழுபதுகளின் கடைசியில் தாபோடியில் எங்கள் லைன் வீட்டு வரிசையில் மூன்றாவது அவருடையது. பக்கத்திலிருந்த ராணுவக் கல்லூரியின் ஸ்டோரில் வேலை. எங்களைப் போலவே வேலூர்ப் பக்கம். வயசு நாற்பத்தைந்து இருக்கும். ஞாயிற்றுக்கிழமையானால் காக்கி அரை டிராயர் போட்டு, கழுத்தில் ஒரு பைனாகுலரை மாட்டிக்கொண்டு தெருவில் நிற்பார். பழைய சாமான் ஏலத்தில் எடுத்த பைனாகுலர். அதில் ஒரு கண்ணுக்குத்தான் தெரியும். இன்னொரு பக்கம் எதைப் பார்த்தாலும் மூடுபனிதான்.

"இன்னா, வீட்லயே குந்திக்கினு கீறீங்கோ? மழை பேஞ்சு மலையெல்லாம் அருவி கொட்டுது. கெளம்புங்கோ. அங்க நம்மாளு ஒர்த்தன் கீறான், எல்லாம் பாத்துக்குவான்."

அவ்வளவுதான். லைனில் பாதிப் பேர் கிளம்பிவிடுவோம். புளிசாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஜமக்காளம் எல்லாம் டெம்போவில் ஏறும். அவர் பெண்டாட்டி மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. "நீங்க ஏன் அத்தை வர மாட்டேங்கிறீங்க" என்று ஒருமுறை கேட்டேன். "அந்த ஆளுங்கள்ல எவனாவது ஒர்த்தன் நெசமாவே வந்துட்டான்னா அவனுக்கும் நான்தான் டீ போடணும். இன்னாத்துக்கு?" என்றாள்.

பான்ஷேத்துக்குப் போனது ஞாபகம் இருக்கிறது. டெம்போவில் இருபது பேருக்குக் குறையாமல் இருந்தோம். படகு நம்மாளுடையது, ஏரி முழுக்க ஒரு சுற்று, காசு வாங்கவே மாட்டான் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். போய்ப் பார்த்தால் படகு இருந்தது. கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தது. அடியில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த கிழவர், படகுக்காரன் பம்பாய்க்குப் போய் ரெண்டு வருஷமாகிறது என்றார். வேறு யாராக இருந்தாலும் முகம் செத்துப்போயிருக்கும். இவர் அசையவில்லை. பைனாகுலரைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"படகுல போனா படகைத்தான் பாக்கலாம். ஏரியப் பாக்கணும்னா நடக்கணும்."

நடந்தோம். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, வழுக்கிய இடத்தில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் கரையோரக் காட்டில் நடந்தோம். செருப்பு அறுந்தவர்கள் அவரைத் திட்டினார்கள். அட்டை கடித்தவர்கள் அவர் பரம்பரையையே திட்டினார்கள். ஆனால் பொய் சொல்லக்கூடாது, நான் முதல்முதலாக மலபார் அணில் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு பாறைச் சரிவிலிருந்து வெள்ளைவெளேரென்று அருவி விழுந்து, எங்கள் காலடியில் ஓடி, அப்படியே ஏரியில் கலந்தது. ஆடு மேய்க்கும் ஒரு தன்கர் வீட்டு அம்மாள் எங்களைப் பார்த்துப் பாவப்பட்டு ஒரு பானை மோர் கொடுத்தாள். அதை வாங்கி முதல் டம்ளரைக் குடித்துவிட்டு அவர் சொன்னார்: "இந்த அம்மாவும் நம்மாளுதான்."

இன்னொரு தடவை காட்டிலாகா காவல்காரனிடம் மாட்டிக்கொண்டோம். வெயில் காலம். முல்ஷிக்கு மேலே இருக்கிற காட்டில் களாக்காய் கொத்துக்கொத்தாகக் காய்த்திருந்தது. ரெண்டு கூடை பறித்தாயிற்று. தடியோடு வந்து நின்றான். இவர் அவன் தோளில் கை போட்டு, "உங்க ரேஞ்சர் நம்மாளு" என்று ஹிந்தியில் சொன்னார். எந்த ரேஞ்சர் என்று அவன் கேட்டான். "பெரியவரு" என்றார். அந்த வேலைக்கு ஒரு வருஷமாக ஆளே போடவில்லை என்றான் அவன். கூடை ரெண்டையும் பிடுங்கிக்கொண்டு எங்களைத் துரத்திவிட்டான். மலை இறங்கும்போது இவர் அப்பாவிடம், "பாத்தியா வாத்யாரே, பேரைச் சொன்னவொடனே வுட்டுட்டான்" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

காட்டோடு நின்றால் பரவாயில்லை. ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, ரயில் ரிசர்வேஷன் எங்கே போனாலும் இதே பாட்டுதான். ஒருநாள் பேச்சுவாக்கில் ஏரவாடா ஜெயிலில்கூடத் தனக்கு ஆள் இருக்கிறது என்றார். "உள்ளயா, வெளியவா?" என்று அப்பா கேட்டார். லைனே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். அதுதான் அவரிடம் பெரிய தொல்லை. அவமானப்படுத்தலாம் என்று கையை ஓங்கினால் தானும் கூட நின்று கைதட்டுவார்.

இத்தனை தெரிந்தும் ஏன் அவர் பின்னால் போனோம் என்று கேட்டால், எங்களுக்கு அந்த ஊரில் யார் இருந்தார்கள்? அப்பா வேலை பார்த்த ஃபேக்டரியின் கேட்டும் லைன் வீடும் விட்டால் ஒரு முகம் தெரியாது. நாலு மலை தாண்டி ஒருத்தன் நமக்காகச் சாவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று ஒருவர் சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருந்தது. பொய்யென்று தெரிந்தே கேட்டோம்.

இந்த நம்மாளு விவகாரம் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது அக்கா கல்யாணத்தில். அக்காவுக்கு அப்போது இருபத்தேழு. எனக்கு இருபது. ஐந்து இடத்திலிருந்து வந்து பார்த்திருந்தார்கள். ஐந்து பேரும் பஜ்ஜி தின்றுவிட்டு, லெட்டர் போடுகிறோம் என்று சொல்லிப் போனவர்கள். லெட்டர் வரவில்லை. அக்கா நிறமா, அப்பா வெறும் ஃபிட்டர் என்பதா, ஒரு அறையும் ஒரு அடுப்படியுமாக இருந்த வீடா, எது பிடிக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆறாவது இடம் லோஹேகாவிலிருந்து வந்தது. மாப்பிள்ளை விமானப்படையில் கார்ப்பரல். மதுரைக்காரர்கள். அப்பா, அம்மா, வேலையில்லாத ஒரு தம்பி, எல்லாரும் அவரோடு இருந்தார்கள். இதுவும் தட்டிப்போனால் இவளுக்கு அவ்வளவுதான் என்று அம்மா அக்கா காதுபடவே சொன்னாள்.

அப்போதுதான் அவர் வந்து எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"இந்த ஒண்டு ரூமுல பொண்ணக் காட்டுனா எவன் ஒத்துக்குவான்? முல்ஷி ஏரிக்கி இட்டுனு போலாம். பின்னாடி காடு, முன்னாடி தண்ணி, பங்களா வராண்டாவுல நம்ம பொண்ணு. நீங்களும் பிக்னிக் வந்தீங்கோ, அவுங்களும் பிக்னிக் வந்தாங்கோ. தற்செயலாப் பாத்துக்கினா மாதிரி. புடிக்கலன்னாலும் ஒர்த்தருக்கும் அவமானம் இல்ல பாரு."

இந்தக் கடைசி வார்த்தையில் அம்மா விழுந்துவிட்டாள். பங்களா யாருடையது என்று அப்பா கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும்.

ஆவணி பிறந்து முதல் ஞாயிறு. ரெண்டு குடும்பத்துக்கும் ரெண்டு டெம்போ என்று பேச்சு. ஒன்றுதான் வந்தது. இன்னொன்றின் டிரைவர் நம்மாளாம், மாமியார் செத்துப் போனாளாம். வேறு வழியில்லாமல் ரெண்டு குடும்பமும் ஒரே டெம்போவில் ஏறினோம். ஆனால் அவர் திட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. "ஏரி வர்ற வரைக்கும் ஒர்த்தருக்கு ஒர்த்தர் தெரியாது. சந்திப்பு அங்கதான்" என்று ஏறும்போதே சட்டம் போட்டுவிட்டார். எதிரெதிர்ப் பலகையில், முழங்கால் முழங்காலில் இடிக்க, தெரியாதவர்களாக ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பிரங்குட் தாண்டியதும் மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க எதுவரைக்கும் போறீங்க?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"ஏரிக்குங்க."

"அப்படியா. நாங்களும் அங்கதான்."

மலை ஏறி வளைவுகள் ஆரம்பித்ததும் அக்காவுக்கு வயிற்றைப் புரட்டியது. பட்டுப் புடவையோடு வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் கட்டி உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை எழுந்து, காற்று வருகிற தன் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு, பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். சட்டப்படி அவர் அவளை இன்னும் பார்க்கவே இல்லை. அக்கா அந்தப் பழத்தை இறங்குகிறவரை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. அவளுக்கு இந்த மாப்பிள்ளை வேண்டும் என்று எனக்கு அங்கேயே தெரிந்துபோயிற்று.

ஏரிக்கரையில் இறங்கினால் மழை அடித்து ஊற்றுகிறது. காடும் தெரியவில்லை, தண்ணியும் தெரியவில்லை. எல்லாம் அவர் பைனாகுலரின் கெட்டுப்போன கண்ணில் பார்த்தது போல இருந்தது. அந்த மழையிலும் அவர் ரெண்டு கையையும் விரித்து, "அடடே, நீங்களும் இங்கதானா?" என்று மாப்பிள்ளையின் அப்பாவை வரவேற்றார். அந்த மனுஷன் திருதிருவென்று விழித்தார்.

பங்களா பூட்டியிருந்தது. "நம்மாளு உள்ளதான் கீறான்" என்று சொல்லிக் கதவைத் தட்டினார், ஜன்னலைத் தட்டினார், மராட்டியில் ஒரு தடவை ஹிந்தியில் ஒரு தடவை கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. எல்லாரும் வேப்பமரத்தடி ஆடு மாதிரி ஒடுங்கி நின்றோம். பஜ்ஜி டப்பாவுக்குள் தண்ணீர் போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா நடுங்கிக்கொண்டே, "என்னங்க, திரும்பிருவமா?" என்று புருஷனைக் கேட்டாள். எங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். ஆறாவது இடமும் போகிறது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். நான் பங்களாவுக்குப் பின்பக்கம் ஓடினேன்.

பின்பக்க அடுப்படியில் விளக்கு எரிந்தது. வாட்ச்மேன் அங்கே சாவகாசமாக உட்கார்ந்து டீ வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த சாஹேப் போயிட்டாரா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியென்றால் ஆள் நிஜம். அவர் உளறிக்கொண்டிருந்த அத்தனை ஆட்களில் ஒருத்தராவது நிஜமாகவே இருந்திருக்கிறார்.

வாட்ச்மேன் சொன்னார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இவர் வேறு ஒரு கூட்டத்தோடு வந்து தங்கினாராம். வாட்ச்மேன் பையனுக்கு ஃபேக்டரியில் வேலை வாங்கித் தருகிறேன், அங்கே என் ஆள் இருக்கிறார் என்று சொல்லி, பையனின் பள்ளிக்கூட சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு போனாராம். அப்புறம் சர்டிபிகேட்டும் வரவில்லை, வேலையும் வரவில்லை. பையன் இப்போது எருமை மேய்க்கிறான். "அவர் முகத்தில் நான் முழிக்க மாட்டேன். கதவும் திறக்க மாட்டேன்" என்றார்.

"இன்றைக்கு என் அக்காவைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள்" என்றேன்.

அவர் கொதிக்கிற டீயை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். அப்புறம் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார்.

முன்கதவு திறந்ததும் இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எங்கள் கண்முன்னால் முதல்தடவையாக அவருக்கு ஒரு கதவு திறக்கிறது. வாட்ச்மேன் தோளில் கை போட்டு, மாப்பிள்ளையின் அப்பா பக்கம் திரும்பி, "சொன்னேன்ல? நம்மாளு" என்றார். வாட்ச்மேன் அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டுவிட்டு டீ கொண்டுவரப் போனார். கதவு திறந்ததை எல்லாரும் பார்த்தார்கள். கையை எடுத்துவிட்டதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

ஒரு மணி நேரத்தில் மழை விட்டது. பனி மேலே தூக்கிக்கொண்டது. மலை காடு காடாக இறங்கி வந்து தண்ணியில் கால் வைத்திருந்தது. எதிர்ச் சரிவில் எண்ண முடியாத அருவிகள். மாப்பிள்ளையும் அக்காவும் வராண்டாக் கட்டையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மாப்பிள்ளையின் அப்பா டீயை உறிஞ்சிக்கொண்டு இவரைக் கேட்டார்.

"உங்களுக்கு எல்லா எடத்துலயும் ஆளு இருக்கும் போலயே. நம்ம சின்னவன் சும்மா இருக்கான். அந்த ஃபேக்டரியில ஏதாச்சும் பாக்க முடியுமா?"

"ஃபேக்டரியா? அங்க நம்மாளு ஒர்த்தன் கீறான். கல்யாணம் முடியட்டும். மூணே மாசம்."

"அப்ப வேறென்ன யோசிக்க இருக்கு?" என்று மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார்.

அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்த ஃபேக்டரியில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர். அங்கே வேலை எப்படிக் கிடைக்கும், எப்படிக் கிடைக்காது என்று அவருக்குத் தெரியாதா? டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா எல்லாருக்கும் நனைந்த பஜ்ஜியை இன்னொரு தடவை நீட்டினாள். நான் அப்போதுதான் வாட்ச்மேனிடம் பையன் கதையைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். நானும் வாயைத் திறக்கவில்லை. வெளியே அக்கா எதற்கோ சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அதைக் கெடுக்க மனசு வரவில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தை மாசம் கல்யாணம் நடந்தது. பந்தி விசாரித்ததே இவர்தான்.

மூன்று மாசம் ஆறு மாசமாயிற்று, அப்புறம் ஒரு வருஷமாயிற்று. அக்கா புருஷன், அந்த நல்ல மனுஷன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கும் சேர்த்து மாமியார் கேட்டாள். காலையில் டீ ஆறிப்போனால் வேலை விஷயம் வரும். குழம்பில் உப்பு கூடினால் வேலை விஷயம் வரும். "வாயாலயே பந்தல் போட்டுப் பொண்ணத் தள்ளிட்டாங்க" என்று பக்கத்து வீட்டில் கேட்கும்படி சொல்வாள். வாட்ச்மேன் கதையை நான் அக்காவிடம் சொன்னது அப்போதுதான். முழுக்கக் கேட்டுவிட்டு, "இப்ப வந்து சொல்றியா?" என்றாள். 

இவருக்கு வெட்கம் என்று ஒன்று இருந்திருந்தால் அந்தப் பக்கமே தலைகாட்டியிருக்க மாட்டார். மாசம் தவறாமல் லோஹேகாவுக்குப் போனார். காட்டிலிருந்து ஒரு பாட்டில் தேன், ஒரு பை களாக்காய் என்று ஏதாவது கொண்டுபோவார். சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார். "அடுத்த மாசம் லிஸ்ட் போடறான், நம்மாளு சொல்லிட்டான்" என்பார். இதில் அக்காவின் கொழுந்தன் கதைதான் பரிதாபம். வேலை கிடைக்கும் என்ற ஆசையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் இவர் கூட மலை ஏறினான். ஸ்டவ்வும் ஜமக்காளமும் அவன் தலையில். பைனாகுலரைத் துடைத்துக் கொடுப்பதும் அவன்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே போயிருந்தேன். அக்கா புருஷன் டியூட்டிக்கும் மாமனார் மதுரைக்கும் போயிருந்தார்கள். இவர் வந்து சேர்ந்தார். இலை போட்டாயிற்று. இவர், கொழுந்தன், மாமியார், நான் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அக்கா ஏழு மாச வயிற்றோடு குனிந்து பரிமாறினாள். இவர் பவனாவுக்குப் பின்னால் ஒரு புது அருவி கண்டுபிடித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு ஆள் இருக்கிறானாம்.

அக்கா ரசப் பாத்திரத்தோடு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, அந்த ஃபேக்டரி ஆளு பேரு இன்னா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் இத்தனை வருஷத்தில், இத்தனை ஏரியில், எங்களில் ஒருவருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை. எங்கே அவன், எப்போ வருவான் என்று கேட்டிருக்கிறோமே தவிர, அவன் பேர் என்ன என்று கேட்டதில்லை. அவர் கை சோற்றில் அப்படியே நின்றது. கொழுந்தன் தலையை நிமிர்த்தினான். மாமியார் மெல்லுவதை நிறுத்தினாள். மாட்டினாயா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம். கவிழ்ந்த படகுக்கும் களாக்காய்க் கூடைக்கும் எருமை மேய்க்கிற பையனுக்கும் சேர்த்து இன்றைக்குக் கணக்கு தீர்ந்தது என்று நினைத்தேன்.

அவர் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். முதல்தடவையாகக் குரலில் சத்தம் இல்லை.

"உங்கப்பாதாம்மா. வேற யாரு கீறா எனக்கு அங்க?"

மாமியார் மெதுவாக அக்கா பக்கம் திரும்பினாள். "அப்ப உங்கப்பா கையிலயாடி இருந்துச்சு இத்தன நாளும்?"

அக்கா இல்லை என்று சொல்லுவாள், அப்பா பாவம், அவருக்கு இதில் ஒன்றுமில்லை என்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அக்கா கரண்டியை ரசத்தில் விட்டுக் கலக்கினாள்.

"ஆமா அத்தை. அன்னிக்கு இவரு சொல்லும்போது அப்பா பக்கத்துலதான் உக்காந்துகினு இருந்தாரு. இல்லன்னு சொல்லல. தெரிஞ்சவங்க இன்னும் ஒர்த்தரும் இருந்தாங்க. அவங்களும் சொல்லல."

அப்புறம் அவர் இலையில், "கைய எடுங்க மாமா, சூடா இருக்கு" என்று சொல்லி ரசம் ஊற்றினாள். கொழுந்தனுக்கு ஊற்றினாள். மாமியாருக்கு ஊற்றினாள். நான் சோற்றில் குழி பண்ணிக்கொண்டு காத்திருந்தேன். என்னைத் தாண்டி அடுப்படிக்குள் போனவள் திரும்பி வரவில்லை.